வளையத்தின் மேல்பக்கம்

என்னைச் சந்தேகப் பிராணி என்று வீட்டில் சொல்வார்கள். மறுப்பதற்கில்லை. பால் பாக்கெட்டை முகர்ந்து பார்க்காமல் அடுப்பில் ஏற்றமாட்டேன். மல்லிகைப்பூவை முழம் போடும் பூக்கார அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டு நிற்பேன். முழங்கை சற்று மடங்கினால் எனக்குத் தெரிந்துவிடும். கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர் எங்கள் வீட்டுக்கு மட்டும் கேட்காமலே தராசையும் எடுத்துக்கொண்டு வருவார். "உங்கிட்ட சாமியே நேர்ல வந்து நின்னாலும் ஆதார் கார்டக் காட்டுன்னுதான் கேப்ப" என்பார் என் கணவர். அப்படிக் கேட்பதில் என்ன தப்பு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இந்தக் குணத்துக்குச் சம்பளம் கொடுக்கிற வேலை ஒன்று இருக்கிறது. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் பேத்தாலஜி டாக்டர். உடம்பிலிருந்து வெட்டி எடுப்பதையெல்லாம் மைக்ராஸ்கோப்பில் வைத்து, இது என்ன என்று சொல்கிறவள். நோயாளிகளின் முகம் எனக்குத் தெரியாது. அவர்களுடைய சதைத் துண்டுகளை மட்டும்தான் தெரியும்.

பெரும்பாலான துண்டுகளை நிதானமாகப் பார்க்கலாம். இன்று வந்ததற்கு நாலு நாள் கழித்துப் பதில் சொல்லலாம், சந்தேகம் இருந்தால் இன்னும் இரண்டு நாள் கேட்கலாம். ஆனால் ஃப்ரோசன் என்று ஒன்று உண்டு. அதில் நிதானத்துக்கு இடமில்லை. நோயாளி மயக்கத்தில் மேஜையில் கிடப்பார். சர்ஜன் புற்றுக்கட்டியை வெட்டி எடுத்துவிட்டு, வெட்டிய ஓரத்திலிருந்து ஒரு துண்டை எங்கள் லேபுக்கு அனுப்பிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அந்தத் துண்டை உறைய வைத்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றிப் பார்த்து, ஓரத்தில் நோய் இருக்கிறதா இல்லையா என்று நான் போனில் சொல்ல வேண்டும். இல்லை என்றால் தைத்துவிடுவார்கள். இருக்கிறது என்றால் இன்னும் வெட்டுவார்கள்.

அன்றைக்கு மேஜையில் கிடந்தவர் ஒரு கணக்கு டீச்சர். மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை, வீடு ஒத்தக்கடைப் பக்கம். உணவுக்குழாயில் புற்று, அதுவும் உயரத்தில், தொண்டைக்குப் பக்கத்தில். சர்ஜன் எனக்குக் கல்லூரியில் ஜூனியர். முந்தின நாளே லேபுக்கு வந்து படம் வரைந்து காட்டியிருந்தார்.

"அக்கா, இங்க வெட்டப் போறேன். குரல்வளைக்குக் கொஞ்சம் கீழ. இந்த ஓரம் சுத்தமா இருந்தா வயித்த மேல இழுத்து இங்கயே சேத்துத் தச்சிருவேன். ஓரத்துல இருந்துச்சுன்னா இன்னொரு துண்டு எடுக்கிறதுக்கு இடமே கிடையாது. குரல்வளையோடதான் எடுக்கணும்."

"அவங்ககிட்டச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். சம்மதிச்சிட்டாங்க. பேசாம எப்படிக் கணக்கு நடத்துறதுன்னு மட்டும் கேட்டாங்க."

ஆக, விஷயம் இவ்வளவுதான். நான் 'சுத்தம்' என்றால் அந்த அம்மாள் பேசுவார். 'இருக்கிறது' என்றால் இனி வாழ்நாள் முழுக்கச் சொந்தக் குரலில் ஒரு வார்த்தை பேசமாட்டார். சுத்தமில்லாததை நான் சுத்தம் என்று சொல்லிவிட்டால், பேசுவார், ஆனால் விட்டுப்போன நோய் திரும்பி வந்து அவரை முடித்துவிடும்.

டீச்சரின் கணவரைப் பற்றி அதற்குள் மருத்துவமனை முழுக்கப் பேச்சு. மோட்டார் பம்ப்செட் பழுது பார்க்கிற கடை வைத்திருப்பவர். பூர்வீகம் நகரத்துக்கு மேற்கே விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரிக் குடும்பம். ஊசி போட வந்த நர்சிடம் உறையைத் தன் கண் முன்னால்தான் கிழிக்க வேண்டும் என்றாராம். ஸ்கேன் எடுக்கும் அறைக்குள் எட்டிப் பார்த்து, படத்தில் இருப்பது தன் மனைவிதானா என்று கேட்டாராம். போதாததற்கு எல்லாவற்றையும் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டே இருந்தாராம். நர்சுகள் தலையில் அடித்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் அவர் மேல் கோபம் வரவில்லை. உறை கிழிந்திருக்கிறதா என்று நானும் பார்க்கிற ஆள்தானே.

எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் ஒரு வழக்கம் உண்டு. வயிற்றைக் கீறி எதை எடுத்தாலும் அதை ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்து வெளியே நிற்கிற சொந்தக்காரர்களுக்குக் காட்டுவார்கள். கல் என்றால் கல், கர்ப்பப்பை என்றால் கர்ப்பப்பை. காட்டாவிட்டால் எடுத்தார்களா இல்லையா என்று கடைசிவரை ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருக்கும். பம்ப்செட் கடையிலும் அதுதானே வழக்கம். கழற்றிய பழைய பேரிங்கைக் கையில் கொடுத்தால்தான் புதுசு மாட்டியிருக்கிறான் என்று சம்சாரி நம்புவான். சொந்தக்காரர்களுக்குக் காட்டுவதைப் பற்றி எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் என் லேபுக்கு வரவேண்டியதை யாரும் வழியில் திறக்கக் கூடாது. அது மட்டும்தான் நான் போட்ட சட்டம்.

அன்று வந்தது ஒரு சின்ன சதை வளையம். உணவுக்குழாயைக் குறுக்கே வெட்டினால் அப்படித்தான் வரும், மோதிரம் மாதிரி. அதற்கு இரண்டு பக்கம். ஒன்று கட்டியைப் பார்த்த கீழ்ப்பக்கம். இன்னொன்று தொண்டையைப் பார்த்த மேல்பக்கம். உடம்பில் மிச்சம் இருக்கிற குழாயோடு ஒட்டியிருந்தது மேல்பக்கம் என்பதால் எனக்கு அதுதான் முக்கியம். எது மேல் என்று நான் தெரிந்துகொள்ள சர்ஜன் மேல்பக்கத்தில் கறுப்புப் பட்டு நூலால் ஒரு தையல் போட்டு அனுப்புவார். நூல் இருக்கிற பக்கம் மேல்பக்கம். இத்தனை வருஷமாக எங்கள் இருவருக்கும் இடையே இருக்கிற ஏற்பாடு அது.

கிண்ணத்தின் மூடியைத் திறந்தேன். வளையம் ஒரு பக்கம் கிடந்தது. நூல், ஈரப் பஞ்சுத் துணியில் சிக்கி, தனியாக இன்னொரு பக்கம் கிடந்தது.

கொண்டுவந்தவர் ஆபரேஷன் தியேட்டரில் நெடுங்காலமாக வேலை பார்க்கிற அட்டெண்டர் அண்ணன். வாசலிலேயே நின்றார், திரும்பிப் போகவில்லை. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை.

"நூல் ஏன் தனியா கிடக்கு?"

"அப்படியேதான் மேடம் வந்துச்சு."

"உள்ள இருந்தே இப்படித்தான் வந்துச்சா?"

"ஆமா மேடம்."

நம்பவில்லை. ஆனால் விசாரணை நடத்த அது நேரமில்லை. வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கத்து ஓரத்தில் கடுகளவு கரிந்திருந்தது. ரத்தக்கசிவை நிறுத்தச் சுடுவார்களே, அந்தச் சூடு. இன்னொரு பக்கத்தில் கரி இல்லை. கரி இருந்த பக்கத்துக்கு நீல மை, மற்றதற்குப் பச்சை மை பூசினேன். இரண்டு பக்கத்திலிருந்தும் சீவி எடுத்து, இரண்டையும் பார்த்தேன்.

பச்சைப் பக்கம் சுத்தம். நீலப் பக்கத்தில் நோய் இருந்தது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருந்தது. ஸ்லைடை எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தேன், டெக்னீஷியனைக் கூப்பிட்டு இரண்டு மையையும் எந்தப் பக்கம் பூசினேன் என்று அவர் வாயால் சொல்லச் சொன்னேன். சரியாகத்தான் சொன்னார். நீலம் மேல்பக்கமா கீழ்ப்பக்கமா என்பதை மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை.

தியேட்டருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். சர்ஜன் எரிச்சலை அடக்கிக்கொண்டு பேசினார்.

"நூல் போட்டுத்தான அக்கா குடுத்தேன்."

"கழண்டு கிடக்கு. சுடுற கரண்ட எந்தப் பக்கம் வச்ச?"

"ரெண்டு பக்கமும்தான் வச்சேன். எங்க கரிஞ்சதுன்னு யாரு பாத்தா? அக்கா, கட்டி கீழ இருக்கு. ஒரு பக்கம் சுத்தம், ஒரு பக்கம் நோய்னா, நோய் இருக்கிறது கீழ்ப்பக்கமாத்தான இருக்கும்? மேல சுத்தம்னு சொல்லிருங்க. நான் தச்சிர்றேன்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நூறு பேரைக் கேட்டால் நூறு பேரும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் உணவுக்குழாய்ப் புற்றுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அது வரிசையாகப் பரவுவதில்லை. கட்டிக்கு மேலே கொஞ்சம் நல்ல சதையை விட்டுவிட்டு, தாண்டிப் போய், தனியாக ஒரு தீவு மாதிரி உட்கார்ந்திருக்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. கீழே சுத்தமும் மேலே நோயுமாக இருப்பதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. நியாயமாகத் தோன்றுகிறது என்பதற்காகவே நான் ஒன்றை நம்பியதில்லை.

"சொல்லமாட்டேன். கொஞ்சம் பொறு" என்று போனை வைத்தேன்.

அந்த அண்ணன் இன்னும் வாசலில்தான் நின்றார். முகம் வேர்த்திருந்தது.

"அண்ணே, உள்ள ஒரு பொம்பளைக்குக் கழுத்தத் திறந்து வச்சிருக்காங்க. உங்க மேல எதுவும் வராம நான் பாத்துக்கிறேன். வழியில என்ன நடந்துச்சு?"

"அந்தாளு மறிச்சுக்கிட்டாரு மேடம்." குரல் இறங்கிவிட்டது. "என்னத்த மூடிக் கொண்டு போற, காட்டாம விடமாட்டேன்னுட்டாரு. சத்தம் போட்டா உள்ள கேக்குமேன்னு மூடியத் தொறந்தேன். வீடியோ எடுத்தாரு. இன்னொரு பக்கத்தையும் காட்டுன்னாரு. இடுக்கியால தூக்குறப்ப நூலு துணியில மாட்டி உருவிருச்சு."

என்ன செய்திருப்பார் பாவம். தினமும் தட்டைத் தூக்கிக் காட்டிக்காட்டிப் பழகிய கை. அந்த நேரத்தில் அவரைத் திட்டத் தோன்றவில்லை. என் காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தைதான், வீடியோ.

லேப் கோட்டோடு தியேட்டர் வாசலுக்கு ஓடினேன். டீச்சரின் கணவர் கதவுக்கு நேராக நின்றுகொண்டிருந்தார். கட்டை குட்டையான ஆள், நகக்கண்ணில் கிரீஸ் கறை. நான் யார், என்ன வேலை பார்க்கிறேன் என்று சொல்லி, எடுத்த வீடியோவைப் பார்க்க வேண்டும், போனைக் கொடுங்கள் என்றேன்.

அவர் போனைச் சட்டைப்பைக்குள் போட்டு, பையின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"எதுக்கு? அழிக்கவா?"

"அழிக்க இல்ல. பாக்கணும்."

"எம்புட்டு நேரமா உள்ள வச்சிருக்கீங்க. ஒருத்தரும் ஒண்ணுஞ் சொல்லல. இப்ப திடுதிப்புனு போனக் குடுங்கறீங்க. உள்ள என்னமோ தப்பு நடந்துபோச்சு, அதான?" பிறகு என்னை நேராகப் பார்த்துச் சொன்னார். "அழிச்சாலும் பிரயோசனமில்ல. என் மச்சானுக்கு அப்பவே அனுப்பிட்டேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே அவர் மனைவி கிடக்கிறார், இங்கே இவர் வழக்குக்குச் சாட்சி சேர்த்துக்கொண்டிருக்கிறார். ஆனால் அவர் இடத்தில் நான் இருந்தாலும் போனைக் கொடுத்திருக்கமாட்டேன். மச்சானுக்கு மட்டுமில்லை, இன்னும் நாலு பேருக்கு அனுப்பியிருப்பேன். அதனால் அவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்வது என்று முடிவு செய்தேன்.

"நூல் கழண்டுபோச்சு. எது மேல்பக்கம், எது கீழ்ப்பக்கம்னு எனக்குத் தெரியல. மேல்பக்கம் சுத்தமா இருந்தா உங்க வீட்டுக்காரம்மா பேசுவாங்க. இல்லேன்னா குரல்வளைய எடுக்கணும். உங்க வீடியோவுல நூல் எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு தெரியும். போன் உங்க கையிலயே இருக்கட்டும். நான் தொடமாட்டேன்."

அவர் பையின் மேலிருந்த கையை எடுத்து, போனை வெளியே எடுத்தார். விரல் தவறிப் பட்டதில் வேறு ஒரு வீடியோ திறந்துகொண்டது. ஆஸ்பத்திரியின் பச்சைக் கவுனைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் ஸ்ட்ரெச்சரில் சாய்ந்திருந்தார். அன்று காலையில் எடுத்தது.

"எதுக்கு இப்ப என்னைய எடுக்குறீங்க? அந்த மூஞ்சியக் கொஞ்சம் மாத்துங்க, கடன் கேக்க வந்த மாதிரி இருக்கு. டாக்டருங்ககிட்ட வம்பு பண்ணாம உக்காந்திருங்க. போயிட்டு வாரேன்."

நல்ல குரல். கடைசி பெஞ்ச் வரைக்கும் போய்ச் சேருகிற குரல். நோயாளியின் குரலை அதற்கு முன் நான் கேட்டதே கிடையாது, கேட்க வேண்டிய அவசியமும் வந்ததில்லை. அதைக் கேட்டிருக்க வேண்டாம் என்று அந்த நிமிஷம் மனதார நினைத்தேன். அவர் அவசர அவசரமாக அதை நிறுத்திவிட்டு அடுத்ததைத் திறந்தார்.

கிண்ணம், ஈரத் துணி, வளையம். கறுப்பு நூல் துல்லியமாகத் தெரிந்தது. அதே பக்கத்து ஓரத்தில், நூலுக்குப் பக்கத்திலேயே, கடுகளவு கரி. இடுக்கி வந்து தூக்கியது, நூல் உருவியது, மறுபக்கம் தெரிந்தது. அங்கே கரி இல்லை. மறுபடியும் போடச் சொன்னேன். நிறுத்தி நிறுத்திக் காட்டச் சொன்னேன். விரலால் பெரிதாக்கச் சொன்னேன். எப்படிப் பார்த்தாலும் நூலும் கரியும் ஒரே பக்கத்தில்தான் இருந்தன.

கரி இருந்த பக்கத்துக்குத்தான் நான் நீல மை பூசியிருந்தேன். நோய் மேலே இருந்தது.

"தெரிஞ்சுதா?" என்று கேட்டார்.

"தெரிஞ்சுது."

"பேசுவாளா?"

"சர்ஜன் வந்து சொல்லுவாரு" என்றேன். அதற்கு மேல் அங்கே நிற்க எனக்குத் தைரியமில்லை.

லேபுக்குத் திரும்பிப் போனை எடுத்தேன். "மேல்பக்கத்துல இருக்கு" என்றேன். "சந்தேகமே இல்லையாக்கா?" என்றார் சர்ஜன். என்னிடம் அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. இல்லை என்றேன்.

குரல்வளையை எடுத்தார்கள். சில நாள் கழித்து, எடுத்த பகுதி முழுவதையும் அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அப்படி. குரல்வளைக்குக் கீழே, நாங்கள் தைப்பதாக இருந்த அதே இடத்தில், அந்தத் தீவின் மிச்சம் இருந்தது. அதற்கு மேலே சுத்தம். நான் சொன்னது சரி என்று தெரிந்ததில் சந்தோஷம் என்று சொன்னால் பொய்.

அதன் பிறகு டீச்சரின் கணவர் லேபுக்கு வர ஆரம்பித்தார். டீச்சரை மறுபரிசோதனைக்குக் கூட்டி வரும்போதெல்லாம், அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு இவர் மட்டும் என் மேஜைக்கு முன்னால் வந்து நிற்பார். முதல் தடவை, "மேல்பக்கந்தானா டாக்டர்? நல்லாப் பாத்தீங்களா?" என்று கேட்டார். அடுத்த தடவை, "செல்போன் வீடியோவுல இடது வலது மாறித் தெரியும்ங்கறாங்களே, மேல கீழயும் மாறுமா?" என்று கேட்டார். மாறாது என்று காகிதத்தை வளையமாகச் சுருட்டிக் காட்டினேன். இன்னொரு தடவை, ஸ்லைடு வேறு யாருடையதோடாவது மாறியிருக்குமா என்றார். என்னுடைய கேள்விகளைத்தான் அவர் கேட்டார். அவற்றையெல்லாம் நான் என்னையே கேட்டு முடித்திருந்தேன்.

சென்ற முறை இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். டீச்சர் கழுத்தில் மெல்லிய துணியைச் சுற்றியிருந்தார், அதன் அடியிலிருந்த துளை வழியாக மூச்சு வந்து போகும் சத்தம் கேட்டது. உடம்பு தேறியிருந்தது. அவர் கணவர் உட்காரக்கூட இல்லை.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுர்றேன் டாக்டர். நான் அந்த வீடியோவ எடுக்காம இருந்திருந்தா, இவ இன்னைக்குப் பேசியிருப்பாளா?"

அவரிடம் பொய் சொல்ல முடியாது. சொன்னாலும் நம்பமாட்டார்.

"பேசியிருக்கலாம்" என்றேன். "நோய் இருக்கிறது கீழ்ப்பக்கம்னே வச்சுத் தச்சிருந்தா, பேசியிருப்பாங்க. கொஞ்ச காலம். அப்புறம் அவங்களே இருந்திருக்க மாட்டாங்க."

"என் கையாலயே அவ வாய அடச்சிட்டேன்" என்றார். நான் சொன்னதில் பாதிதான் அவர் காதில் விழுந்திருந்தது. இத்தனை நாளாக அந்தப் பாதியைத்தான் அவர் வேறு வேறு கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

டீச்சர் தன் போனை எடுத்து எதையோ தட்டினார். முதலில் கணவரிடம்தான் நீட்டினார். அவர் கண்ணாடியைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். திரையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், எழுத்து தெரியவில்லை. டீச்சர் அதை வாங்கி என் கையில் கொடுத்து, படியுங்கள் என்று கையைக் காட்டினார்.

வகுப்பில் ஒரு பையனை எழுப்பிப் படிக்கச் சொன்னால் எப்படி எழுந்து நிற்பானோ அப்படித்தான் நான் எழுந்து நின்றேன். அவர் கணவருக்குக் கேட்கும்படி சத்தமாகப் படித்தேன்.

"நான் பொழச்சிட்டேங்க. நீங்கதான் இன்னும் நம்பல."